நனைந்த சாக்ஸ்தான் காரணம் என்று புரிய எனக்கு எட்டு மாதம் ஆனது

முதல் முழு மாரத்தானுக்குப் பயிற்சி எடுத்த வருடம், 42 கிலோமீட்டரை நினைத்துப் பயந்ததைவிட என் காலில் வரும் கொப்புளத்தை நினைத்துப் பயந்ததுதான் அதிகம். மூச்சு தாங்கியது, முட்டியும் தாங்கியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் 18 கிலோமீட்டரைத் தாண்டினால் போதும், இடது காலில் பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டுச் சதையில் சுள்ளென்று ஒரு சூடு கிளம்பும். வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்து, உள்ளே நீர் கோத்திருக்கும். அடுத்த மூன்று நாள் ஓட்டம் கிடையாது.

முதலில் ஷூவைத்தான் சந்தேகப்பட்டேன். காலைக் கச்சிதமாகப் பிடிக்கிற அளவு வாங்கியிருந்தேன். அது தப்பு. மணிக்கணக்கில் ஓடும்போது கால் வீங்கும். கிளம்பும்போது கச்சிதமாக இருந்த ஷூ இரண்டு மணி நேரத்தில் நெருக்க ஆரம்பித்துவிடும். அடுத்த முறை சாயங்கால நேரத்தில், ஓடும்போது போடுகிற அதே சாக்ஸோடு கடைக்குப் போய், விரல் நுனிக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் விட்டு வாங்கினேன். சுண்டுவிரல் கொப்புளம் அதோடு நின்றது. பெருவிரலுக்குக் கீழே வருவது மட்டும் நிற்கவில்லை.

பெசன்ட் நகரில் தொடங்கி, திரு.வி.க. பாலம் ஏறி, சாந்தோம் வழியாக மெரினா போய்த் திரும்புவது என் வழக்கமான பாதை. விடியற்காலை நாலரைக்குக் கிளம்பினாலும் சென்னைப் புழுக்கத்தில் பத்தாவது கிலோமீட்டருக்குள் பனியன் சொட்டும். அது போதாதென்று, தண்ணீர் கிடைக்கிற இடத்திலெல்லாம் கொஞ்சம் குடித்துவிட்டு மீதியைத் தலையில் ஊற்றிக்கொள்வேன். ஒருநாள் அப்படி ஊற்றிவிட்டு ஓடும்போது ஷூவுக்குள் சளக் சளக் என்று சத்தம் கேட்டது. தலையில் ஊற்றிய தண்ணீர் முதுகு, தொடை, கெண்டைக்கால் வழியாக இறங்கி நேராக ஷூவுக்குள் போய்க்கொண்டிருந்தது. போட்டிருந்தது பருத்தி சாக்ஸ். தண்ணீரைக் குடித்தால் பருத்தி விடவே விடாது.

கொப்புளம் என்றால் தோலின் மேற்பரப்பு தேய்வதால் வருவது என்றே நினைத்திருந்தேன். விஷயம் உள்ளே நடக்கிறது. ஈரத்தில் தோல் சாக்ஸோடு ஒட்டிக்கொள்கிறது. எலும்போ ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவில் மாட்டிய தோல் அடுக்குகள் இழுபட்டு இழுபட்டுப் பிரிகின்றன, அந்த இடைவெளியில் நீர் சேர்கிறது. ஆக, ஈரத்தைக் குறைக்க வேண்டும், இழுபடுவதைக் குறைக்க வேண்டும்.

பருத்தியை விட்டு நைலான், பாலியஸ்டர் கலந்த ஓட்ட சாக்ஸுக்கு மாறினேன். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை, சென்னையில் அது முடியாது. குனிந்து பிடரியில் ஊற்றினால் தண்ணீர் முன்பக்கமாகச் சாலையில் விழுகிறது. லேஸைக் கடைசி ஓட்டை வரை கோத்துக் கட்டியதில் குதிகால் ஆடுவதும் நின்றது. குளித்த பிறகு கால் தோல் ஊறியிருக்கும்போது காய்ப்பை பியூமிஸ் கல்லால் மெல்லத் தேய்த்துக் குறைப்பேன். காய்ப்புக்கு அடியில் கொப்புளம் வந்தால் வலி தாங்காது.

எனக்குப் பெரிதாகக் கைகொடுத்தது மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப். பாலைவனங்களில் 250 கிலோமீட்டர் ஓடியவர்களை வைத்து ஸ்டான்ஃபோர்ட் மருத்துவர்கள் செய்து 2016இல் வெளியான ஆய்வில், இந்த மாதிரிக் காகித டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைந்தது. காலை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, வழக்கமாகக் கொப்புளம் வரும் இடத்தில் ஒரே ஒரு சுற்று ஒட்டுவேன். சுருக்கம் விழுந்தால் பிய்த்துவிட்டுத் திரும்ப ஒட்ட வேண்டும், அந்தச் சுருக்கமே கொப்புளத்தைக் கிளப்பும். மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டினால் ஓரம் சுருளாது. வாசலினை டேப்புக்கு முன்னால் தடவக் கூடாது, ஒட்டாது. அது விரல் இடுக்குகளுக்கு மட்டும்.

இவ்வளவும் செய்தும் சில நாள் சூடு கிளம்பும். அப்போது நின்றுவிட வேண்டும். எனக்குக் கஷ்டமாக இருந்தது இதுதான். மாரத்தான் அன்று 27ஆவது கிலோமீட்டரில் வலது குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்தது. பக்கத்தில் ஓடியவர்கள் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நடைபாதையில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, துடைத்து, இடுப்புப் பையில் வைத்திருந்த டேப்பை ஒட்டி, காய்ந்த சாக்ஸ் மாற்றினேன். மூன்று நிமிடம் போனது.

அப்படியும் வந்துவிட்டால் மேல்தோலை உரிக்காதீர்கள், அதுதான் காயத்துக்கு மூடி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஊசியால் குத்திப் பார்க்கவே வேண்டாம், தயவுசெய்து டாக்டரிடம் போய்விடுங்கள்.

மாரத்தான் முடிந்ததும் புல்தரையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினேன். உள்ளங்கால் நாள் முழுக்கத் துணி துவைத்த கை மாதிரி சுருங்கி வெளுத்திருந்தது. டேப்பை மெதுவாக உரித்தேன். குதிகாலில் லேசான சிவப்பு, அவ்வளவுதான். மறுநாள் ஷூ போட்டுக்கொண்டுதான் ஆபீஸுக்குப் போனேன்.