பூஸ்டைத் தொடும் முன்: கைவைத்த எம்ஆர்2 டர்போவை வழிக்குக் கொண்டுவந்த அனுபவம்

முன்னால் ரேடியேட்டர், முதுகுக்குப் பின்னால் எஞ்சின், நடுவே காரின் நீளம் முழுக்க ஓடும் தண்ணீர்க் குழாய்கள். டொயோட்டா எம்ஆர்2-வின் இரண்டாம் தலைமுறை, அதாவது 1989 முதல் 1999 வரை வந்த எஸ்டபிள்யூ20, டர்போவோடு கைக்கு வந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் பூஸ்ட் மீட்டருக்குத்தான், அதாவது டர்போ எஞ்சினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டருக்குத்தான் போகும். எனக்கு அந்தக் குழாய்கள்தான் முதலில். இன்று கைமாறும் கார்களில் யாரும் கைவைக்காதது அபூர்வம். பெரிய எக்ஸாஸ்ட், பூஸ்ட் கன்ட்ரோலர், காற்றை வெளியே ஊதும் வால்வு, தாழ்த்திய ஸ்பிரிங் என்று ஏதாவது ஒன்று ஏறியிருக்கும். ஆனால் முப்பது வயது ரப்பர் ஹோஸ் அப்படியே இருக்கும்.

நான் வேலை செய்த வரிசை இது: தண்ணீர், காற்றுக் கசிவு, எரிபொருள், சக்கரக் கோணம், அதற்குப் பிறகு பூஸ்ட். வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டிவரும். எஞ்சினின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போனால் மூன்று முறை.

காரைத் தூக்கும்போதே எச்சரிக்கை தேவை. காரின் நடுவே நீளமாக ஓடும் டனலில் 54 லிட்டர் பெட்ரோல் டேங்க் இருக்கிறது, கூலன்ட் குழாய்களும் அங்கேதான் ஓடுகின்றன. பார்க்க வசதியான இடம் போலத் தெரியும், ஆனால் அங்கே ஜாக்கி வைத்தால் குழாய் நசுங்கும். முன்பக்கமும் பின்பக்கமும் கிராஸ்மெம்பரில் (அடியில் உள்ள குறுக்குச் சட்டம்) தூக்கி, நான்கு ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்துங்கள்.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு, ஹீட்டர் கன்ட்ரோலைச் சூட்டின் கடைசிப் புள்ளிக்குத் தள்ளிவிட்டு வடிக்க வேண்டும். ரேடியேட்டர் திருகை மட்டும் திறந்தால் பாதிகூட இறங்காது. டனல் குழாய்களில் உள்ள வடிகால் திருகுகளையும் எஞ்சின் பிளாக்கில் உள்ளதையும் திறக்க வேண்டும். மொத்தக் கொள்ளளவு சுமார் 13 லிட்டர், முன் எஞ்சின் கொண்ட 2 லிட்டர் கார்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. வாளியில் 8 லிட்டர்தான் விழுந்தது என்றால் மிச்சம் உள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். பழுப்புச் சேறாக இறங்கினால் யாரோ கசிவை அடைக்கும் பொடியைப் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் தெளிந்து வரும்வரை வெறும் தண்ணீரால் அலசிவிட்டு, ஹீட்டர் கோரை (காருக்குள் சூடு தரும் குட்டி ரேடியேட்டர்) தனியாக இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி அலச வேண்டும்.

வடித்த கையோடு ஹோஸ்களைக் கழற்றிப் பார்க்கலாம். டனல் குழாய்கள் இரும்பு. ஹோஸுக்குள் மறையும் நுனியில்தான் துரு பிடிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. மேலோட்டமான துருவை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கினால் போதும். குழி விழுந்திருந்தால் எந்த கிளாம்ப்பும் நிற்காது, குழாயையே மாற்ற வேண்டும். ஸ்டெயின்லெஸ் குழாய்கள் கிடைக்கின்றன. ஒருமுறை போட்டால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம்.

கிளாம்ப் விஷயத்தில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பல்வெட்டுள்ள திருகு கிளாம்ப்பை சிலிக்கான் ஹோஸில் போட்டால், முறுக்க முறுக்க அந்தப் பல் ஹோஸை அறுக்கும். சிலிக்கானுக்கு உட்புறம் வழவழப்பான கிளாம்ப் வேண்டும். ரப்பர் ஹோஸ் என்றால் கம்பெனி போட்ட ஸ்பிரிங் கிளாம்ப்பே மேல். ரப்பர் காலப்போக்கில் சுருங்கினாலும் ஸ்பிரிங் தானாக இறுக்கிக்கொள்ளும். எஞ்சின் சில முறை சூடேறி ஆறிய பிறகு திருகு கிளாம்ப்புகளை இன்னொரு சுற்று முறுக்க வேண்டும்.

இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், பிளாக்கை ஒட்டி ஒரு சின்ன ஹோஸ் ஒளிந்திருக்கும். எம்ஆர்2 வைத்திருப்பவர்கள் அதை ‘ஹோஸ் ஃப்ரம் ஹெல்’ என்றே சொல்வார்கள். அதை எட்ட மேனிஃபோல்டை இறக்க வேண்டும். வெடித்தால் வேறு வழியே இல்லை, வெடிக்கும்வரை விட்டுவைப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. மேனிஃபோல்டு இறங்கியிருக்கும்போதே பக்கத்தில் இருக்கும் நாக் சென்சாரின் (சிலிண்டருக்குள் கலவை தப்பாக வெடிப்பதை, அதாவது நாக்கை, உணரும் சென்சார்) வயரையும் பாருங்கள். சூட்டில் காய்ந்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். டயக்னாஸ்டிக் பெட்டியில் டிஇ1, இ1 இரண்டையும் ஒரு வயரால் இணைத்தால் செக் எஞ்சின் விளக்கு மின்னி எண் சொல்லும். 52 வந்தால் நாக் சென்சார் சுற்றில் கோளாறு. அது வேலை செய்யாத காரில் பூஸ்ட் ஏற்றவே கூடாது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. வேண்டாம். 82 டிகிரியில் திறக்கும் நல்ல தெர்மோஸ்டாட்டையே போடுங்கள். அதில் ஒரு குட்டி ஆடும் ஊசி இருக்கும். அது மேல்நோக்கி நின்றால்தான் சிக்கிய காற்று வெளியேறும். ரேடியேட்டர் மூடியையும் புதிதாக வாங்குங்கள். நல்ல மூடி 0.9 பார் அளவுக்கு அழுத்தம் பிடித்தால், பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 120 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு அத்தனையும் போச்சு.

இனி நிரப்புவது. இந்த காரின் கெட்ட பெயரில் பாதி இங்கேதான் உருவாகிறது. கூலன்டை ஊற்றும் வாய் பின்னால் எஞ்சின் அறையில். காற்று தேங்கும் மேடுகள் முன்னால், ஒன்று ரேடியேட்டர் தலையில், இன்னொன்று ஹீட்டர் பக்கம். இரண்டிலும் காற்று எடுக்கும் வால்வு இருக்கிறது. முன் டிக்கியில் ஸ்பேர் வீலையும் பிளாஸ்டிக் மூடிகளையும் எடுத்தால் கைக்கு எட்டும். வால்வு பிளாஸ்டிக்காக இருந்தால் வயதில் பிஸ்கட் போல நொறுங்கும். ஸ்பேனரை மெல்லத்தான் திருப்ப வேண்டும், புதிதாக ஒன்று கையில் இருப்பது நல்லது.

இரண்டு வால்விலும் கண்ணாடி போலத் தெரியும் வினைல் டியூபைச் செருகி, நுனிகளை உயர்த்திப் பிடித்து, திறந்த பானெட்டில் கட்டிவிடுங்கள். நுனிகள் பின்னால் ஊற்றும் வாயைவிட உயரத்தில் இருக்க வேண்டும். வால்வுகளைத் திறந்துவிட்டு, பின்னால் மெதுவாக ஊற்றுங்கள். வேகமாக ஊற்றினால் காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் டியூபில் முதலில் நுரையும், பிறகு சின்னச் சின்னக் குமிழிகளும், கடைசியில் அசையாத நிறமும் ஏறி வரும். இரண்டு டியூபிலும் நீர்மட்டம் பின்னால் உள்ள வாயின் மட்டத்துக்கே வந்து நின்றால் உள்ளே தொடர்ச்சியாகத் தண்ணீர் நிற்கிறது. ஒரு டியூபில் மட்டம் தாழ்ந்தே நின்றால் அந்தப் பக்கம் இன்னும் காற்று இருக்கிறது. பெரிய ஹோஸ்களைக் கையால் அமுக்கி விடுங்கள், குபுக்கென்று ஒரு குமிழி ஏறும். எதுவும் ஏறாத நிலை வந்ததும், டியூபில் தண்ணீர் நிற்கும்போதே வால்வை மூட வேண்டும்.

அதன்பின் மூடியைப் போட்டு எஞ்சினை ஐடிலில் ஓட விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து, முன்னால் ரேடியேட்டர் சூடாகி, மின்விசிறி ஓடி நிற்கும்வரை காத்திருந்து, அணைத்து, முழுக்க ஆறவிட்டு, டியூப் வேலையை இன்னொரு தடவை செய்ய வேண்டும். இரண்டாம் தடவையிலும் கொஞ்சம் காற்று வரும். அடுத்து வரும் சில நாட்கள் வண்டியை எடுக்கும் முன் ரிசர்வ் டப்பாவின் மட்டத்தைப் பாருங்கள். வாக்யூம் முறையில் நிரப்பும் கருவி இருந்தால் இந்த வேலை வெகுவாகக் குறையும். காற்றை உறிஞ்சிவிட்டு முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்தால் கசிவுச் சோதனையும் அதிலேயே முடிந்துவிடும்.

காற்று இன்னும் இருக்கிறது என்பதற்கு நம்பகமான அடையாளம் ஹீட்டர்தான். ஐடிலில் குளிர்ந்த காற்றும், ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் சூடான காற்றும் வந்தால் உள்ளே காற்று. டாஷ்போர்டு முள்ளை நம்பி இருக்காதீர்கள். பெரிய வெப்ப வேறுபாட்டுக்கும் அது நடுவிலேயே நிற்கும். அதைவிட மோசம், சென்சார் தண்ணீரில் நனையாமல் காற்றில் இருந்தால் முள் கீழே இறங்கும், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும். எஞ்சினிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில் சென்சார் வைத்த டிஜிட்டல் மீட்டர், எந்த பூஸ்ட் மீட்டரையும்விட முந்தி வாங்க வேண்டியது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த உடனே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் அது காற்றுப் பிரச்சினை இல்லை. சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

தண்ணீர் முடிந்ததும் காற்றுக் கசிவு. டர்போவின் உள்வாயில் வால்வு பொருத்திய மூடியை மாட்டி, கம்ப்ரசரில் 15 பிஎஸ்ஐ வரை மெதுவாக ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். இன்டர்கூலர் இணைப்புகள், த்ராட்டில் தண்டு, இன்ஜெக்டர் ஓ-ரிங், வாக்யூம் ஹோஸ்கள் ஆகிய இடங்களில் நுரை வரும். அதோடு ஊதும் வால்வையும் கவனியுங்கள். இந்த காரின் டர்போ எஞ்சினான 3எஸ்-ஜிடிஇ-யின் முந்தைய வகையில் உள்ளே போகும் காற்றை மடல் வைத்த மீட்டர் அளக்கிறது. அளந்த காற்றை வெளியே ஊதிவிட்டால், எஞ்சினை நிர்வகிக்கும் கணினியான இசியூ அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் ஊற்றும். கியர் மாற்றும்போது எஞ்சின் திணறும், சில சமயம் நின்றே விடும். சத்தம் ஆசையாக இருக்கலாம். ஆனாலும் அந்தக் காற்றை இன்டேக்குக்கே திருப்பி விடுங்கள்.

இதே வகை எஞ்சினில் பூஸ்ட் சுமார் 12 பிஎஸ்ஐ-யைத் தொட்டால் இசியூ பெட்ரோலை வெட்டும், 34 என்ற எண்ணைக் காட்டும். சுவரில் மோதியது போல ஒரு உதறல் வரும். அதை ஏமாற்றும் சின்னப் பெட்டிகள் விற்கிறார்கள். பெரும்பாலான செத்த பிஸ்டன்களுக்குக் காரணம் அவைதான் என்பது என் கணிப்பு. இன்ஜெக்டர் தரும் பெட்ரோல் அதேதான், காற்று மட்டும் கூடுகிறது, கலவை மெலிகிறது, நாக் அடிக்கிறது. பெட்டியைப் போடும் முன், காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள எடை விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் மீட்டர் போடுங்கள். முழு பூஸ்டில் ஒரு பங்கு பெட்ரோலுக்குக் காற்று 11.5 பங்கை ஒட்டி நிற்க வேண்டும், 12.5-க்கு மேல் போனால் காலை எடுத்துவிடுங்கள். ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்ததாக மாற்றி, இடைவெளியை 0.7 மில்லிமீட்டருக்குக் குறைத்தால் அதிக பூஸ்டில் தீப்பொறி அணையாது. அந்த எஞ்சினோடு வந்த பழைய சிடி26 டர்போவை 15 பிஎஸ்ஐ-க்கு மேல் தள்ளினால் கிடைப்பது பெரும்பாலும் சூடான காற்றுதான்.

கிளட்ச், கியர், பிரேக் பற்றிச் சுருக்கமாக. கிளட்ச் பைப் முன்னாலிருந்து பின்னால்வரை ஓடுவதால் காற்று எடுக்கப் பொறுமை வேண்டும். பெடல் அரைகுறையாக நின்றால் முதலில், கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில் ஈரம் பாருங்கள். கியர் தளர்வாக இருந்தால் கியர்பாக்ஸைக் குறை சொல்வதற்கு முன் கேபிள் நுனி புஷ்களை மாற்றுங்கள். பின் பிரேக் காலிப்பரில் ஹேண்ட்பிரேக்கும் சேர்ந்தே இருப்பதால் அதன் பிஸ்டனை அமுக்கக் கூடாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அது இறுகிப் பிடிப்பது இந்த காரின் தீராத வியாதி. டைமிங் பெல்ட் மாற்றினால் வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்றுங்கள், பம்ப்பை ஓட்டுவதே அந்த பெல்ட்தான்.

சக்கரம். எடையில் சுமார் 58 சதவீதம் பின்னால் இருக்கிறது, அதுவும் நடுவை ஒட்டிக் குவிந்திருக்கிறது. அதனால்தான் திருப்பத்தில் மூக்கு சட்டென்று திரும்புகிறது. அதே காரணத்தால்தான் வால் கிளம்பினால் அதே வேகத்தில் கிளம்புகிறது. 1993 மாடலிலிருந்து டொயோட்டா பின் சஸ்பென்ஷனை மாற்றி, முன்னால் 195, பின்னால் 225 அகலத்தில் 15 அங்குல டயர் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அகலம் போட்டவர்கள் முன்பிடியைக் கூட்டி, பின்பக்கத்தைத் தாங்களே கிளப்பிவிடுகிறார்கள். பின்சக்கரங்கள் இரண்டும் சேர்த்து 3 முதல் 4 மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்கட்டும். வெளிநோக்கி ஒரு மில்லிமீட்டர்கூட ஆகாது. காரைத் தாழ்த்தினால் இந்தக் கோணம் மாறும், ஸ்பிரிங் போட்ட அன்றே அலைன்மென்ட் பார்க்க வேண்டும். கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் சாயும் கோணம், மைனஸ் என்றால் உள்நோக்கி) முன்னால் மைனஸ் 1.5, பின்னால் மைனஸ் 2 டிகிரி என்று தொடங்குங்கள். குளிர்ந்த டயரில் முன்னால் 28, பின்னால் 32 பிஎஸ்ஐ என் தொடக்கப்புள்ளி. ஸ்டீயரிங் மந்தமாக இருந்தால் முன்னால் ஒரு பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்கள்.

ஓட்டும்போது ஒன்றே ஒன்றைக் கைவிட வேண்டும்: திருப்பத்தின் நடுவில் பயந்து காலை எடுக்கும் பழக்கம். எடை சட்டென்று முன்னால் சாயும், பின் டயர் பிடி தளரும். பிரேக்கை நேர்ச்சாலையிலேயே முடித்துவிட்டு, லேசான ஆக்ஸிலரேட்டரோடு உள்ளே போய், ஸ்டீயரிங் நேராக நேராக மிதித்தால், பின் டயர்கள் தரையைக் கவ்வித் தள்ளும் அந்த இழுப்பு முதுகில் தெரியும். இவ்வளவு வேலையும் அதற்காகத்தான்.

வீட்டுக்கு வரும் கடைசி சில கிலோமீட்டரைப் பூஸ்ட் ஏறாமல் ஓட்டுங்கள். அணைத்த பிறகும் எஞ்சின் அறையில் ஒரு விசிறி ஓடினால் பயப்பட வேண்டாம், அறைச் சூட்டைப் பார்த்துத் தானே ஓடித் தானே நிற்கும். பேட்டரி தீர்ந்துவிடும் என்று அதன் கனெக்டரைக் கழற்றிவிட்ட கார்கள் நிறைய இருக்கின்றன. வாங்கிய கையோடு அந்த கனெக்டர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.