யூக்ளினா எந்தத் துறைக்குச் சொந்தம்?

ஜூலை 4

முதலாண்டு விலங்கியல் பிள்ளைகளுக்கு இந்தப் பருவத்தில் புரோட்டோசோவா, அதாவது ஒருசெல் உயிரிகள் பாடம் நடத்துவது என் பொறுப்பு. வைக்கோலைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, கொஞ்சம் குளத்துத் தண்ணீரும் ஊற்றி ஜன்னலோரம் வைத்த ஜாடியில் இன்று ஆடை படிந்திருந்தது. அதற்குக் கீழே பிப்பெட்டை விட்டால், செருப்பு வடிவ ஒருசெல் உயிரியான பாரமீசியத்தின் கூட்டம். அதுகள் ஓடுகிற ஓட்டத்தில் லென்ஸுக்குள் நிற்பதே இல்லை, பஞ்சு நாரைப் பிரித்துப் போட்டு இடுக்கில் மாட்டவைத்துத்தான் மிகைத் தண்ணீரை வெளியேற்றும் சுருங்கும் நுண்குமிழைக் காட்ட முடிந்தது. அப்புறம் குளத்திலிருந்து நேராக எடுத்த துளியில் ஒன்று பச்சையாகவே நீந்தியது. பாரமீசியம் பர்சேரியா. உடம்புக்குள் குளோரெல்லா பாசியைக் குடிவைத்து அது தயாரிக்கும் சர்க்கரையில் பங்கு வாங்குகிற ஆள். "சார், இது விலங்கா தாவரமா?" என்று ஒரு பெண் கேட்டாள். இரண்டும் சேர்ந்து ஓர் ஏற்பாடு என்றேன். அவள் முகத்தில் திருப்தி இல்லை.

ஜூலை 9

ஆய்வகச் சுவரில் தொங்கும் சார்ட், 1980இல் லெவைன் குழு போட்ட வகைப்பாடு. புரோட்டோசோவாவுக்குள் ஏழு தொகுதிகள். எங்கள் பாடத்திட்டமும் ஏறக்குறைய அதுதான். மதியம் டீ குடித்துக்கொண்டே யார் யார் மிச்சம் என்று பார்த்தேன். மைக்ரோஸ்போரா பூஞ்சைகளின் பக்கம் போய்விட்டது. மிக்ஸோசோவா கதை இன்னும் வேடிக்கை, அது ஒருசெல் உயிரியே இல்லை, மீன்களில் ஒட்டுண்ணியாக வாழ்ந்து வாழ்ந்து உடம்பைச் சுருக்கிக்கொண்ட ஜெல்லிமீன் உறவு. அமீபாவையும், சாட்டை போன்ற கசையிழை உள்ளவற்றையும் ஒன்றாகக் கட்டிய சார்க்கோமாஸ்டிகோஃபோரா சுத்தமாகக் கலைந்துவிட்டது, ஏனென்றால் அமீபாவுக்கு, கசையிழையால் நீந்தும் பச்சை ஒருசெல் உயிரியான யூக்ளினாவைவிட நாமும் காளானும்தான் நெருக்கம். பாரமீசியம் இருக்கும் குறுஇழை உயிரிகளும், மலேரியாக் கிருமி இருக்கும் ஏபிகாம்ப்ளெக்ஸாவும் மட்டும் குலையாமல் நிற்கின்றன. சார்ட்டைக் கழற்றலாமா என்று கேட்டேன், ஸ்டாக் புத்தகத்தில் ஏறியிருக்கிறதாம், கழற்றக் கூடாதாம்.

ஜூலை 13

பக்கத்து அறை தாவரவியல் அக்காவோடு யூக்ளினாவுக்காகச் சண்டை. (நல்ல சண்டை, முறுக்கு அவர் வாங்கித் தந்தது.) பசுங்கணிகம் இருக்கிறது, ஆகவே பாசி என்கிறார் அவர். செல்சுவர் இல்லை, நெளிந்து போகிறது, சேமிப்பதும் ஸ்டார்ச் இல்லை பாராமைலம், ஆகவே எங்களுடையது என்கிறேன் நான். உண்மையில் விலங்குகளுக்குப் பெயர்வைக்கும் சட்டம், தாவரங்களுக்குப் பெயர்வைக்கும் சட்டம் இரண்டுமே இதன் மேல் உரிமை கொண்டாடியிருக்கின்றன.

ஆனால் அந்தப் பசுங்கணிகம் அதன் சொந்தச் சொத்தே இல்லை. யூக்ளினாவின் மூதாதை ஒரு பச்சைப்பாசியை விழுங்கி, செரிக்காமல் வைத்துக்கொண்டதன் மிச்சம் அது. பச்சைப்பாசியின் கணிகத்துக்கு இரண்டு சவ்வு, யூக்ளினாவில் மூன்று. பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து கலந்து வளர்த்தால் சில யூக்ளினாக்கள் பச்சையை நிரந்தரமாக இழந்தும் கரிமச் சத்தை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்கின்றன. அதன் நெருங்கிய சொந்தமோ தூக்க நோய் தரும் டிரிபனோசோமா! இதைச் சொன்னதும் அக்கா, "அப்படின்னா நீங்களே வெச்சுக்கோங்க" என்றார். கூடவே, சென்னையில் எம்.ஓ.பி. ஐயங்கார் 1932இல் விவரித்த ஃப்ரிட்ஷியெல்லா எங்களுடையது, ஈர மண்ணில் வேர்போன்ற இழை இறக்கி நிமிர்ந்து வளரும் பச்சைப்பாசி, அதில் கை வைக்க வேண்டாம் என்றார். வைக்கவில்லை. பச்சைப்பாசிகள் நிஜமாகவே செடிகொடிகளின் குடும்பம்தான்.

ஜூலை 18

இன்று மலேரியாக் கிருமியான பிளாஸ்மோடியம் வகுப்பு. கொசு, கல்லீரல், சிவப்பணு என்ற சுற்றைப் பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறார்கள், அதனால் அதை வேகமாகத் தாண்டி ஏபிகோபிளாஸ்டுக்குப் போனேன். நம் இரத்தத்துக்குள் வாழும் இந்தக் கிருமிக்குள்ளும் ஒரு கணிகம் இருக்கிறது, சிவப்புப்பாசி வழி வந்தது, நான்கு சவ்வு, நிறமி கிடையாது. ஒளிச்சேர்க்கையை மறந்தும் அதை ஏன் சுமக்கிறது என்றால், ஐசோபிரினாய்டு என்ற பொருளைத் தயாரிக்கும் பட்டறை அதற்குள் இருக்கிறது, அது நின்றால் கிருமி சாகும். பாக்டீரியாவுக்கான மருந்தான டாக்ஸிசைக்ளின் மலேரியாவிலும் வேலை செய்வது இதனால்தான், எல்லாக் கணிகத்தையும் போல ஆதியில் பாக்டீரியாவிலிருந்து வந்த அந்தக் கணிகத்தின் புரத உற்பத்தியை அது நிறுத்துகிறது. கிருமி உடனே சாகாது, அடுத்த சுற்றில் சாகும்.

2008இல் சிட்னி துறைமுகப் பவளத்திலிருந்து விவரித்த குரோமெரா என்ற ஒருசெல் பாசி, இதே கூட்டத்துக்குச் சொந்தமாக இருந்துகொண்டு இன்னும் ஒளிச்சேர்க்கை செய்கிறது. கடைசி பெஞ்ச் முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்த வகுப்பு இது, எழுதிவைக்கிறேன்.

ஜூலை 22

அக்காவின் மாணவர்கள் ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊர்க் கடற்கரைக்குப் போய்வந்து சர்காசம் என்ற கடல்பாசி கொண்டுவந்திருந்தார்கள். பார்த்தால் கிளை, இலை, காய் மாதிரி காற்றுப்பை, ஒரு செடி போலத்தான் இருக்கிறது. பச்சைப்பாசிக்கும் இந்தப் பழுப்புப்பாசிக்கும் உறவு வெகு தூரம். இதன் பங்காளிகள் கண்ணாடிபோன்ற ஓடுள்ள ஒருசெல் பாசிகளான டயாட்டம்களும், 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த ஃபைட்டோஃப்தோரா என்ற கிருமியும். நீந்தும் செல்லில் ரோமம் உள்ள கசையிழை ஒன்று, வழவழப்பானது ஒன்று என்று பழுப்புப்பாசியிலும் ஃபைட்டோஃப்தோராவிலும் ஒரே அமைப்பு. ஃபைட்டோஃப்தோராவை ரொம்ப காலம் பூஞ்சை என்றே நடத்தினோம்.

ஜூலை 23

"அப்போ பரீட்சையில எதை எழுதுறது சார்?" எதிர்பார்த்த கேள்விதான். பத்து மதிப்பெண்ணுக்குச் சார்ட்டில் உள்ள ஏழு தொகுதிகளையும் எழுதுங்கள், விடைத்தாள் திருத்துபவர் கையில் அந்தக் குறிப்புதான் இருக்கும் என்றேன். யாருக்கு யார் உறவு என்று காட்டும் புதிய கிளைப்படத்தைத் தனித்தாளில் வரைந்து நகல் எடுத்திருக்கிறேன், திங்கள்கிழமை தருகிறேன். தாவரவியல் பிள்ளைகளுக்கும் சேர்த்து எடுக்கச் சொல்லி அக்கா காசு கொடுத்திருக்கிறார்.