எத்தனால் ஆலையில் கண்டன்சேட் நீரை மறுபடியும் பயன்படுத்த அனுமதி பெற்ற அனுபவம்

தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர் பாலாற்றுப் படுகையை என்ன செய்தது என்பதை வேலூர்க்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை உறுதிப்படுத்திய 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் வந்ததுதான். ஆகவே, சர்க்கரை ஆலையில் எஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து பெட்ரோலில் கலப்பதற்கான எத்தனாலைத் தயாரிக்கும் எங்கள் ஆலை, ஆவியாக்கியில் கிடைக்கும் நீரை மறுபடியும் பயன்படுத்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் விண்ணப்பித்தபோது, கேள்விகள் கடுமையாகவே இருக்கும் என்று ஆவணப் பொறுப்பில் இருந்த நான் எதிர்பார்த்திருந்தேன்.

ஒரு லிட்டர் ஆல்கஹால் வடிக்கும்போது, ஆலையின் முறையைப் பொறுத்து, 8 முதல் 15 லிட்டர் வரை ஸ்பென்ட் வாஷ் எஞ்சுகிறது. அமிலத்தன்மையும் கரும்பழுப்பு நிறமும் கொண்ட இக்கழிவில் ஒரு சொட்டும் ஆலைக்கு வெளியே போகக் கூடாது என்பதால், அதைப் பல கட்ட ஆவியாக்கியில் சுண்டவைத்துப் பாய்லரில் எரிக்கிறோம். திடப்பொருள் 15 சதவீதம் உள்ள 100 டன் கழிவை 60 சதவீதத்திற்குக் கெட்டியாக்கினால் மிஞ்சுவது 25 டன். மற்ற 75 டன்னும் ஆவியாகிக் குளிர்ந்து கண்டன்சேட்டாகத் திரும்புகிறது. நாங்கள் அனுமதி கேட்டது இந்த 75 டன்னுக்குத்தான்.

பார்வைக்கு இது இளநீரைப் போலத் தெளிவாக இருக்கும். ஆனால் அசிட்டிக் அமிலம் முதலான, எளிதில் ஆவியாகும் கரிம அமிலங்கள் நீராவியோடு சேர்ந்தே வந்துவிடுவதால், இதை அப்படியே மொலாசஸைக் கரைக்கப் பயன்படுத்தினால் ஈஸ்ட் சோர்ந்துபோகும். நொதித்தல் மந்தமாகி ஆல்கஹால் விளைச்சல் குறையும். வாரியத்தின் கேள்விகளுக்கு முன்பே எங்கள் நொதித்தல் பிரிவினரின் எதிர்ப்பைச் சந்திக்க வேண்டியிருந்தது. அவர்கள் அஞ்சியதில் நியாயமும் இருந்தது. நீரைக் குளிர்வித்து, அமிலத்தைச் சமன்செய்து, காற்றில்லா முறையிலும் காற்றூட்டும் முறையிலும் நுண்ணுயிரிகளைக் கொண்டு சுத்திகரித்து, வடிகட்டி, இறுதியில் ஆர்.ஓ. வழியாகச் செலுத்திய பின், சிறிய தொட்டியில் அந்நீரிலும் போர்வெல் நீரிலும் தனித்தனியே நொதித்துக் காட்டிய பிறகுதான் அவர்கள் இசைந்தார்கள்.

விண்ணப்பத்தில் அதிகம் உழைப்பு வாங்கியது நீர்க் கணக்கு. உள்ளே வரும் ஒவ்வொரு கன மீட்டரும் எங்கே ஆவியாகிறது, எதில் கலக்கிறது, எங்கே திரும்புகிறது என்று காட்ட வேண்டும். வடிவமைப்பு ஏட்டிலுள்ள எண்களை எழுதிவிட்டு மீட்டரில் வேறு எண் ஓடினால், ஆய்வுக்கு வரும் பொறியாளர் அதைத்தான் முதலில் பிடிப்பார். ஆகையால் ஒவ்வொரு குழாயிலும் மீட்டர் பொருத்தி, கரும்பு அரவைப் பருவத்திலும் அது முடிந்த பின்னும் எடுத்த அளவுகளையே நாங்கள் இணைத்தோம். ஆலோசகர்கள் தயாரித்துத் தரும் அழகான வரைபடத்தை விட, இந்த அழுக்குப் படிந்த பதிவேடுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

சுழன்று வரும் நீரைக் குளிர்விக்கும் கூலிங் டவரைப் பற்றிய பகுதியை நான் விரிவாகவே எழுதினேன். எங்கள் போர்வெல் நீரில் உப்பு அதிகம். அது சுழற்சியில் சேரச் சேர, குழாய்களில் படிவு ஏறாமலிருக்க நீரை அடிக்கடி வெளியேற்ற வேண்டியிருந்தது. ஆவியிலிருந்து வந்த கண்டன்சேட்டிலோ கரைந்த உப்பு மிகக் குறைவு. உப்பின் செறிவை மூன்று மடங்கில் நிறுத்தாமல் ஆறு மடங்கு வரை விட முடிந்தால், ஆவியாகும் அளவில் பாதியாக இருந்த வெளியேற்றம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். கழிவிலிருந்து மீட்ட நீர் இந்த வேலைக்கு நிலத்தடி நீரை விட ஏற்றது என்பதை, உப்பு நீரோடு பழகிய ஊரில் ஒருவரும் மறுக்கவில்லை. எஞ்சிய கரிமப் பொருளால் டவரில் வழவழப்புப் படியும் என்பதால், கிருமிநாசினிச் செலவையும் அதே பக்கத்தில் சேர்த்துவிட்டேன்.

ஆய்வின்போது பொறியாளர் நெடுநேரம் தேடியது சுத்திகரிப்பு நிலையத்தை அல்ல, கழிவை வெளியே விடக்கூடிய மறைவான மாற்றுக் குழாய்களைத்தான். குழாய்கள் எல்லாம் தரைக்கு மேலே, வண்ணம் பூசி, திசைக்குறியுடன் இருந்ததால் அந்தக் கட்டம் விரைவாகவே கடந்தது. ஆர்.ஓ. கழிவு நீர் எங்கே போகும் என்று அவர் கேட்டார். அது ஆவியாக்கிக்கே திரும்புகிறது என்பதைக் குழாயைத் தொடர்ந்து நடந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். ஆவியாக்கி நின்றிருக்கும் நாட்களில் நொதித்தலும் நிற்க வேண்டும், மீட்டர் அளவுகள் இணையவழியே வாரியத்திற்குச் சென்றுகொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகளுடன் இசைவாணை வந்தது. முதல் நிபந்தனை உற்பத்திப் பிரிவினருக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது. ஆவியாக்கியைத் துப்புரவு செய்யும் நாட்களை அவர்களோடு பேசித்தான் குறிக்கிறோம்.