பட்டினித் தட்டுகள்

மார்ச் 3
சி. எலிகன்ஸ் என்ற நுண்ணிய உருளைப்புழுவின், முதிர்வதற்கு முந்தைய நான்காம் பருவத்து இளம்புழுக்களைக் கழுவி, அவற்றின் உணவான பாக்டீரியா இல்லாத பன்னிரண்டு அகர் கூழ்த் தட்டுகளில் விட்டு, 20 டிகிரிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். கெடுவான 31-ஆம் தேதிக்கு இன்னும் 28 நாட்கள் இருக்கின்றன.

மார்ச் 7
பாதிக்கு மேல் செத்துவிட்டன. இட முடியாத முட்டைகள் உள்ளேயே பொரிந்து, குஞ்சுகள் தாயைத் தின்று வெளியேறியிருக்கின்றன. அகரின் மேல் கண்ணாடிபோன்ற வெற்றுத்தோல் ஒட்டிக் கிடக்கிறது. தப்பியவற்றின் வயிற்றில் ஒன்றோ இரண்டோ கருக்கள்தான்.

மார்ச் 9
பெட்டியின் வெப்பமானி 20.5 காட்டுகிறது.

மார்ச் 13
சாயமிட்டு எண்ணினேன். நன்றாகத் தின்று வளர்ந்த புழுவின் இரு கைகளாகப் பிரியும் இனப்பெருக்கக் குழலில், ஒரு கைக்கு ஆயிரம் அளவில் இனச்செல்கள், அதாவது முட்டையும் விந்தணுவும் ஆகும் செல்கள், இருக்கும். இங்கே 38, 33, 41. பட்டினிப் புழுக்களை ஆராய்ந்த ஆஞ்சலோவும் வான் கில்ஸ்டும் 2009-இல் சொன்ன 35-ஐ ஒட்டியே வருகிறது என்பதில் எனக்கு மகிழ்ச்சியைவிட நிம்மதிதான் அதிகம். மிஞ்சியவை எல்லாம் குழலின் நுனியில், அந்த ஒற்றை நுனிச்செல்லின் அணைப்பில் ஒண்டியிருக்கின்றன. 1981-இல் ஆய்வாளர்கள் கிம்பிளும் ஒயிட்டும் அந்த நுனிச்செல்லை லேசரால் சுட்டழித்தபோது, பெருகிக்கொண்டிருந்த இனச்செல்கள் பெருக்கத்தை நிறுத்திவிட்டு, முட்டையாகவும் விந்தணுவாகவும் மாறும் ஒடுக்கற்பிரிவுக்குள் போய்விட்டன. பட்டினியில் குழலே சுருங்கிக் கிடக்கும்போதும் அது காவலை விடவில்லை என்பதை, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி நள்ளிரவுவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 14
20.5. பழுதுபார்ப்பவர் வரவில்லை. 27 டிகிரியைத் தொட்டால் விந்தணுக்கள் கெட்டுவிடும். அதன் பிறகு முட்டை இல்லாததற்குப் பட்டினி காரணமா, வெப்பம் காரணமா என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

மார்ச் 18
பிளாட்டினம் கம்பியால் ஒவ்வொன்றாக எடுத்து, பாக்டீரியா பூசிய தட்டுக்கு மாற்றினேன். நூலிழைபோல் மெலிந்திருந்தவை சிறிது நேரத்திலேயே தலையை அசைத்துத் தின்னத் தொடங்கின. எனக்கும் அப்போதுதான் பசித்தது.

மார்ச் 19
கடிதம் வரவில்லை.

மார்ச் 21
உணவிட்டு 72 மணிநேரம். குழல் மீண்டும் நிரம்பி வளைந்திருக்கிறது. அந்த முப்பத்துச் சொச்சம் செல்களிலிருந்து இத்தனையும்! பழைய 300 குஞ்சுகள் வரப்போவதில்லை, இருபால் புழுவான இதற்குத் தன் விந்தணுவும் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கும். ஆண்புழுக்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஆனால் அதற்கு ஒரு வாரம் போய்விடும்.

மார்ச் 22
ஏழாம் தட்டில் முட்டைகள். எண்ணிக்கொண்டே 46-க்கு வந்தபோது மின்சாரம் போய்விட்டது. பெட்டி இப்போது 23 டிகிரியில் இருக்கிறது.