எங்கள் எம்.பி.யும் அந்த நாற்காலியும்

எண்பதுகளின் தொடக்கத்தில் நம் ராயபுரம் பள்ளியில் படித்தவர்களுக்குக் குடிமையியல் புத்தகத்தோடு நிற்கவில்லை. வடசென்னையின் தி.மு.க. எம்.பி.யாக இருந்த ஜி. லட்சுமணன் 1980 டிசம்பரில், சபாநாயகர் இல்லாதபோது அவையை நடத்தும் மக்களவைத் துணை சபாநாயகர் ஆனார். 1984 முடியும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

ராயபுரத்துக் கட்சிப் பற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டமே 1949இல் ராபின்சன் பூங்காவில்தானே நடந்தது! என் அப்பாவும் அந்தக் கட்சிக்காரர். பதவிச் செய்தி வந்ததும் டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னவர், கொஞ்ச நாளில் புலம்ப ஆரம்பித்தார்: "ஓட்டு போட்டது நம்ம கஷ்டத்தப் பேசறதுக்கு. இன்னாடான்னா, பேசறவங்கள உக்காருன்னு சொல்லிக்கினு இருக்காரு!"

வகுப்பில் இதைக் கேட்டேன். வரலாறு சார் அன்றைய பாடத்தை மூடி வைத்துவிட்டு விளக்கினார். அவையை நடத்தும்போது துணை சபாநாயகர் விவாதத்தில் கலந்துகொள்ள முடியாது, ஓட்டும் கிடையாது; இரண்டு பக்கமும் சமமாக வந்தால் மட்டும் தீர்மானிக்கும் ஓட்டு அவருடையது. சபாநாயகர் பல்ராம் ஜாக்கர் வந்து உட்கார்ந்துவிட்டால் இவரும் மற்ற எம்.பி.க்களைப் போலப் பேசலாம், ஓட்டுப் போடலாம். கட்சியை விட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. 1967இல் சபாநாயகரான சஞ்சீவ ரெட்டி காங்கிரஸிலிருந்து விலகியது அவராக எடுத்த முடிவு.

இதைவிடப் பெரிய சிக்கல் கூட்டணி. 1980 தேர்தலில் தி.மு.க. இந்திரா காந்தியோடு நின்றது. 1984இல் காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு நின்றது. இடையில் உறவு கசந்தபோதும் துணை சபாநாயகர் மாறவில்லை. எங்கள் தெருமுனைக் கூட்டங்களில் டெல்லி அரசுக்கு அர்ச்சனை நடக்கும். டெல்லியில் அந்த அரசின் மசோதாக்கள் வரும் அவையை நம்ம ஊர் எம்.பி. நடத்துவார். பலருக்கு இது வேடிக்கை. எனக்கோ, எதிரெதிர்க் கட்சிகள் ஒரே கூரைக்கடியில் உட்கார இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்றுதான் இன்றும் தோன்றுகிறது. 2019இல் அமைந்த 17ஆவது மக்களவை துணை சபாநாயகரே இல்லாமல் முடிந்தபோது, நண்பர்களிடம் சலித்துக்கொண்டேன். யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

லட்சுமணனுக்கு அடுத்து, 1985இல், அந்த இடத்துக்கு வந்தவர் அ.தி.மு.க.வின் தம்பிதுரை. இப்போதும் வருத்தமா என்று அப்பாவைக் கேட்டேன்.

"அவங்க ஆளு பேசாம உக்காந்திருக்கறது நல்லதுதாம்பா" என்றார்.