கடைசி ஏத்தம்னு சொல்லிச் சொல்லியே ஆறு நாள்

மச்சினன் ஜெர்மனில இருக்கான். எங்க 25-வது கல்யாண நாளுக்கு ஏதாவது பெருசா செய்யணும்னு அவனுக்கு ஆசை. பெருசான்னா அக்காவுக்கு ஒரு வளையல், மாமாவுக்கு ஒரு வாட்ச், இப்படித்தானே மனுஷன் யோசிப்பான், இவன் இத்தாலில ஆறு நாள் சைக்கிள் டூர் புக் பண்ணி பணமும் கட்டிட்டு அப்புறமா போன் போட்டு சொல்றான். "மாமா ஒண்ணும் பயப்படாதீங்க, கைடு கூடவே வருவாரு, பெட்டியெல்லாம் வேன்ல வந்துரும், நீங்க சும்மா காத்து வாங்கிட்டே மிதிச்சா போதும், லெவல் டூ தான்." லெவல் டூ எத்தனைல டூன்னு கேக்கணும்னு எனக்கு அப்ப தோணல. நான் கடைசியா சைக்கிள் மிதிச்சது ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்க.

புளோரன்ஸ்ல முதல் நாள் சாயங்காலம் சைக்கிள் குடுத்தாங்க. கைடு ஒரு இளவட்டம், கெண்டைக்கால் ரெண்டும் உரிச்ச தேங்காய் மாதிரி. பேட்டரி வண்டியா, சாதா வண்டியான்னு கேட்டான். வீட்டம்மா அவன் கேட்டு முடிக்கறதுக்குள்ள பேட்டரின்னுட்டா. நமக்கு வீம்பு. குழுவுல எழுபது தாண்டின ஒரு டச்சு தம்பதி வேற சாதா வண்டியோட நிக்கறாங்க, அவங்க முன்னாடி எப்படி பேட்டரின்னு சொல்றது, சாதா போதும்னுட்டேன். கைடு என் வயித்தை ஒரு தடவை பாத்தான், ஒண்ணும் சொல்லல, சீட்டை மட்டும் ரெண்டு இன்ச் ஏத்தி வச்சான்.

பேடு வச்ச ஷார்ட்ஸ் ஒண்ணு மச்சினன் வாங்கிக் குடுத்திருந்தான். அதுக்குள்ள ஜட்டி போடக்கூடாதாம், தையல் உரசி புண்ணாயிடுமாம். இதை கைடு எட்டு பேர் வட்டமா நிக்கும்போது சத்தமா விளக்கினான். நான் போட்டிருந்தேன். மறுபடி ஹோட்டல் ரூமுக்குப் போயிட்டு வந்தேன், எதுக்குப் போனேன்னு எல்லாருக்கும் தெரியும், யாரும் கேக்கல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

மறுநாள் காலைல கியான்ட்டி மலைப் பக்கம் கிளம்பினோம். ஊரைத் தாண்டினதும் பொன்டே ஆ ஏமான்னு ஒரு சின்ன இடம், அங்க கைடு நிறுத்தி கதை சொன்னான். ஜீனோ பார்த்தாலி பொறந்த ஊராம். 1938-லயும் 1948-லயும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் ஜெயிச்சவர், நடுவுல பத்து வருஷ இடைவெளி, அதுல ஒரு உலகப் போர். அந்தப் போர் சமயத்துல பிராக்டிஸ் பண்றேன்னு சொல்லிட்டு புளோரன்ஸுக்கும் அசிசிக்கும் நடுவுல ஓட்டுவாராம், சைக்கிள் குழாய்க்குள்ள யூதர்களுக்கான போலி அடையாள அட்டைகள் சுருட்டி வச்சிருக்குமாம். உயிரோட இருந்த வரைக்கும் அதைப் பத்திப் பெருசா வெளியில பேசிக்கவே இல்லையாம், 2013-லதான் இஸ்ரேல்ல இருக்கற யூதப் படுகொலை நினைவு அமைப்பான யாத் வஷேம் அவருக்கு கௌரவம் குடுத்துச்சு. நிஜமாவே புல்லரிச்சுது. என் சைக்கிள் பையில அப்ப இருந்தது ஒரு பாக்கெட் முறுக்கும் பருப்புப் பொடியும்.

பின்னாடி கார் வந்தா கைடு "மாக்கினா!"ன்னு கத்துவான். முதல்ல ரெண்டு மூணு தடவை யாரையோ பேர் சொல்லிக் கூப்பிடறான்னு நெனச்சு நான் பாட்டுக்கு நடுரோட்டுல போயிட்டிருந்தேன். கார்னு அர்த்தமாம், ஒரு டிரைவர் கையால எனக்கு விளக்கினாரு.

அப்புறம் ஏத்தம் ஆரம்பிச்சுது. டூர் புத்தகத்துல 'மெல்ல அலைபாயும் குன்றுகள்'னு போட்டிருந்தான். அலை மெல்லத்தான் பாயுது, கரைல நிக்கறவனுக்கு. மிதிக்கறவனுக்கு அது மேடுதான். முதல் மேட்டுல நாக்கு தள்ளி நிக்கும்போது கைடு பக்கத்துல வந்து ஒரு மூச்சு கூட வாங்காம "உல்டிமா சலீத்தா, உல்டிமா சலீத்தா"ன்னான். கடைசி ஏத்தம்னு அர்த்தம். சரி இவ்வளவுதானேன்னு பல்லைக் கடிச்சு ஏறினேன், அடுத்த வளைவுல இதைவிடப் பெருசா இன்னொண்ணு. அங்கயும் "உல்டிமா சலீத்தா". அன்னிக்கு மட்டும் ஏழு தடவை சொன்னான், நான் எண்ணினேன், எண்ணறதுக்குத்தான் தெம்பு இருந்துச்சு.

வீட்டம்மா அந்த மேட்டுலயெல்லாம் ஒத்தைக் கையால ஓட்டிட்டு இன்னொரு கையில திராட்சைத் தோட்டத்தை வீடியோ எடுத்துட்டே போறா. செப்டம்பர் கடைசி, அறுவடை நேரம், கொடி பூரா கருநீலமா குலைகுலையா தொங்குது, அதுக்கு மேல சைப்ரஸ் மரம் வரிசையா. அந்த வீடியோல பின்னாடி யாரோ ஆஸ்துமா வந்த மாதிரி இழுக்கற சத்தம் கேக்கும், சொந்தக்காரங்க எல்லாரும் ஏதோ மிருகம்னு நெனச்சாங்க. டச்சுப் பாட்டி என்னைத் தாண்டும்போது சிரிச்சுட்டே, எங்க நாட்டுல மேடே கிடையாது, அதான் பாத்தா ஆசையா இருக்குன்னாங்க.

கிரேவேங்கற ஊர்ல ராத்தங்கல். முக்கோணமா ஒரு சந்தை மைதானம், சாப்பாடு நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ரொட்டியைக் கடிச்சா உப்பே இல்ல. தப்பு நடந்துருச்சுன்னு சொல்லி அனுப்பினா, இந்தப் பக்கம் பூரா ரொட்டி இப்படித்தான், காலங்காலமா உப்பு போடறதில்லன்னுட்டாங்க. விடுவமா, பருப்புப் பொடியை எடுத்து ஆலிவ் எண்ணெயில கொழச்சு தொட்டுச் சாப்பிட்டோம். கைடு ஒரு விரல் நக்கிப் பாத்துட்டு ஒண்ணும் பேசல, மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு சரியா என் பக்கத்துல வந்து உக்காந்தான். ஆறாம் நாள் பொடி டப்பா காலி, பாதி அவன் வயித்துலதான்.

காப்பி கதையும் சொல்லிடறேன். மதியம் சாப்பிட்டு கப்புச்சினோ கேட்டேன். அந்தக் கடைக்காரம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே, ராத்திரி பத்து மணிக்கு பொங்கல் கேட்டவனைக்கூட அப்படிப் பாக்க மாட்டாங்க. பால் காப்பி காலைல மட்டும்தானாம், வயித்துக்கு ஆகாதாம். அதுக்கு அப்புறம் குடிச்சா பாலாடைல மருந்து ஊத்தற அளவுக்கு எஸ்பிரெசோ. நின்னு குடிச்சா ஒரு விலை, உக்காந்து குடிச்சா கூட. காசு போனா போகுதுன்னு நின்னேதான் குடிச்சேன், ஏன்னா உக்கார முடியல.

மூணாம் நாள் சியெனா. கிரேவேலேருந்து காஸ்டெல்லினாங்கற ஊரு வரைக்கும் போகணும், அது 570 மீட்டருக்கு மேல உயரத்துல இருக்கு. வழில கொஞ்ச தூரம் தாரே இல்லாத வெள்ளைச் சரளை ரோடு. இதுல வேணும்னே பழைய சைக்கிள்ல ஓட்டறதுக்கு லெரோய்க்கான்னு வருஷா வருஷம் ஒரு விழா நடக்குது, 1997-லேருந்து, 1987-க்கு முன்னாடி செஞ்ச வண்டிதான் எடுத்துட்டு வரணும். நானும் 1987-க்கு முன்னாடி செஞ்ச வண்டிதான், என்னால ஆகல. காஸ்டெல்லினாவுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது காலு ரெண்டும் கொரக்களி புடிச்சு அப்படியே சைக்கிளோட சேர்ந்து திராட்சைக் கொடி பக்கமா சாஞ்சேன். வேன் வந்துச்சு. சைக்கிளை மேல கட்டி என்னை உள்ள போட்டாங்க.

வேன் டிரைவர் நல்ல மனுஷன், வழில போன்தெருத்தோலிங்கற கிராமத்தைக் காட்டி ஒரு கதை சொன்னாரு. புளோரன்ஸுக்கும் சியெனாவுக்கும் எல்லைச் சண்டை. சேவல் கூவினதும் ரெண்டு ஊர்லேருந்தும் ஒரு குதிரைக்காரன் கிளம்பணும், எங்க சந்திக்கறாங்களோ அதுதான் எல்லை. சியெனாக்காரங்க வெள்ளைச் சேவலுக்கு நல்லா தீனி போட்டாங்க, அது தூங்கிருச்சு. புளோரன்ஸ்காரங்க கருப்புச் சேவலைப் பட்டினி போட்டாங்க, அது விடியறதுக்கு முன்னாடியே பசில கத்திருச்சு, அவங்க ஆளு சியெனாவுக்குப் பக்கம் வரைக்கும் வந்து இந்த கிராமத்துலதான் சந்திச்சானாம். இன்னிக்கும் கியான்ட்டி கிளாசிக்கோ ஒயின் பாட்டில் கழுத்துல அந்தக் கருப்புச் சேவல் இருக்கு. பட்டினி கிடந்தா வேகம் வரும்னு கதை சொல்லுது, எனக்கு வேன்தான் வந்துச்சு.

சியெனால 17 பேட்டை. ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு சின்னம், கொடி. ஜூலை 2, ஆகஸ்ட் 16 ரெண்டு நாளும் அந்த சிப்பி மாதிரி சரிஞ்ச பெரிய சதுக்கத்துல பாலியோன்னு குதிரைப் பந்தயம், 10 பேட்டைதான் ஓட முடியும். சின்னத்துல நத்தை இருக்கு, ஆமை இருக்கு. நத்தைப் பேட்டைச் சுவத்துக்கிட்ட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன், நம்ம இனம். இதுல ஒரு விதி எனக்கு ரொம்பப் பிடிச்சுது, வழில ஆள் கீழ விழுந்துட்டாலும் குதிரை மட்டும் முதல்ல வந்தா ஜெயிச்சதுதான். அந்தக் கணக்குல வேன் கூரைமேல வந்த என் சைக்கிள்தான் அன்னிக்கு எங்க குழுவுல ஃபர்ஸ்ட்.

பேராலயத்துக்குள்ள முட்டி தெரிய விடமாட்டாங்க. நான் ஷார்ட்ஸ். வீட்டம்மா துப்பட்டாவைக் குடுத்தா, லுங்கியாக் கட்டிக்கிட்டேன், ரோஸ் கலர், ஓரத்துல ஜரிகை. காவலாளி மேலயும் கீழயும் பாத்துட்டு விட்டுட்டாரு, கூட வந்த கனடாக்காரர் எனக்கும் அப்படிக் கட்டிவிடுன்னு அவர் மனைவியோட ஷாலை நீட்டினாரு. உள்ள தரை முழுக்க சலவைக்கல்லுல கதை கதையா படம், வருஷத்துல பாதிக்கு மேல மூடி வச்சிருப்பாங்களாம், நாங்க போனப்ப திறந்திருந்துச்சு. எல்லாரும் மேல கூரையைப் பாத்து வாய் பிளந்தாங்க. எனக்கு முதுகு நிமிரல, அதனால தரையை ரொம்ப நல்லா பாத்தேன்.

சதுக்கத்துல மாங்கியா கோபுரம், ஏறணும்னு வீட்டம்மாவுக்கு ஆசை. 400 படி. செங்கல் தரைல எல்லாரும் படுத்திருந்தாங்க, நானும் படுத்து கண்ணை மூடி தூங்கற மாதிரி இருந்துட்டேன். "ஏங்க, நடிக்கறீங்கன்னு தெரியுது"ன்னுட்டுப் போய் அவளும் டச்சுப் பாட்டியும் ஏறிட்டு வந்தாங்க.

அடுத்து மொந்தெரிஜ்ஜோனி, சான் ஜிமிஞானோ. ரெண்டும் குன்று மேலதான். அப்பதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுது. இந்த ஊரையெல்லாம் எதிரி ஏறி வரும்போதே மூச்சு வாங்கி பாதி செத்துருக்கணும்னு திட்டம் போட்டு கட்டியிருக்கான், எழுநூறு வருஷம் கழிச்சும் அந்தத் திட்டம் பக்காவா வேலை செய்யுது. சான் ஜிமிஞானோல பணக்காரங்க பக்கத்து வீட்டுக்காரனைவிட நாமதான் உசரம்னு காட்டறதுக்கு போட்டி போட்டு கோபுரம் கட்டி, ஒரு காலத்துல எழுபதுக்கு மேல இருந்துச்சாம், இப்ப 14 நிக்குது. நம்ம தெருவுல எதிர்வீட்டுக்காரர் மூணாவது மாடி போட்டதும் நாலாவது போட்டவரு ஞாபகம் வந்தாரு. கிணத்துச் சதுக்கத்துல ஜெலாத்தோ, அதான் அவங்க ஊர் ஐஸ்கிரீம், ரெண்டு சாப்பிட்டேன், அன்னிக்குப் பாதி வழி வேன்லதான் வந்தேன், ஆனாலும் ரெண்டு சாப்பிட்டேன்.

கடைசி நாள் லூக்கா. தூரம் ஜாஸ்தின்னு எல்லாரையுமே வேன்ல கொண்டு போய் விட்டாங்க, அந்த வார்த்தையைக் கேட்டப்ப கண்ணு கலங்கிருச்சு. ஊரு சமதரை. ஊரைச் சுத்தி பெரிய மதில், அது மேலயே மரம் வச்ச அகலமான பாதை, 4.2 கிலோமீட்டர் ஒரு சுத்து. போருக்குன்னு நூறு வருஷத்துக்கு மேல கட்டின மதிலாம், சண்டையே வரல, ஆனா 1812-ல ஆத்து வெள்ளம் வந்தப்ப ஊரைக் காப்பாத்துச்சாம். நான் மூணு சுத்து சுத்தினேன். ஆறு நாள்ல முதல் தடவையா எல்லாருக்கும் முன்னாடி, பேட்டரி தீந்துபோன வீட்டம்மா பின்னாடி கனமான வண்டியைத் தள்ள முடியாம மிதிச்சுட்டு வர்றா, நான் ஒத்தைக் கையை விட்டு வீடியோ எடுக்கறேன். மச்சினனுக்கு அனுப்பி, பாருடா உன் மாமாவைன்னு போட்டேன்.

சைக்கிளை ஒப்படைச்சுட்டு ஹெல்மெட்டைக் கழட்டி குடுத்தேன். கைடு கையைக் குலுக்கிட்டு அப்படியே வீட்டுக் கூரைகளுக்கு மேல விரலைக் காட்டினான். குயினீஜி கோபுரம், உச்சில நிஜமான மரம் வளந்து நிக்குது, ஓக் மரம். சுமார் 230 படி. மரத்தைப் பாத்துட்டு அழகா இருக்கேன்னு வாயைத் திறந்தேன், திரும்பிப் பாத்தா வீட்டம்மா கவுன்டர்ல ரெண்டு டிக்கெட்டோட நிக்கறா. சியெனாவை அவ மறக்கல.

கைடு என் தோள்ல தட்டினான்.

"உல்டிமா சலீத்தா."