ஒரு எல்போவுக்கு 11 மணி நேரக் கூலி

குளியலறைச் சுவரில் ஈரம் படர்ந்து, பின்பக்க அறையில் பெயின்ட் உரிய ஆரம்பித்திருந்தது. வந்த பிளம்பர் 2 டைல்ஸை உடைத்துப் பார்த்தார். சுவருக்குள் ஓடும் பைப் திரும்பும் இடத்தில் மாட்டியிருந்த வளைந்த இணைப்பு, அதாவது எல்போ, விரிசல் விட்டிருந்தது. கட்டைவிரல் அளவுச் சாமான். அதை மாற்றி, தண்ணீர் திறந்துவிட்டுப் பார்த்தார். மறுநாள் பூச்சும் டைல்ஸ் ஒட்டுவதும் முடிந்தது. வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஈரம் நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் பில் வந்தது. பொருள் செலவு கொஞ்சம்தான். அதன் கீழே ஒரே வரி: ‘லேபர் 11 மணி’.

முதல் நாள் 4 மணி நேரம், மறுநாள் ஒன்றரை. எப்படிக் கூட்டினாலும் ஐந்தரைதான் வருகிறது. சுள்ளென்று கோபம் வந்து போனைக் கையில் எடுத்தேன். நல்ல வேளையாக அவர் எடுக்கவில்லை. அந்தச் சூட்டில் பேசியிருந்தால் ‘ஏமாற்றுகிறீர்களா’ என்றுதான் ஆரம்பித்திருப்பேன், அதற்கப்புறம் பேச என்ன இருக்கிறது?

உட்கார்ந்து பழைய மெசேஜ்களைப் பார்த்தேன். வேலைக்கு முன் ‘மணிக்கு இவ்வளவு’ என்று அவர் எழுதியிருந்தார், நான் ‘சரி’ என்று போட்டிருந்தேன். வந்ததோ அவரும் ஹெல்பரும். நான் வேலைக்கு மணிக்கு என்று நினைத்திருக்கிறேன். அவர் ஆளுக்கு மணிக்கு என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஐந்தரையை இரண்டால் பெருக்கினால் 11. ‘எத்தனை பேர் வருவீர்கள், ஆளுக்கா வேலைக்கா?’ என்று ஒரு வார்த்தை கேட்காதது என் தப்பு.

ஆனால் மறுநாள் பூச வந்தது ஹெல்பர் மட்டும். அன்றைக்கும் இரண்டு ஆள் கணக்கு.

அன்று மாலையே பொருள் செலவையும் ஐந்தரை மணி நேரக் கூலியையும் அனுப்பிவிட்டு, கூடவே எழுதினேன்: “நான் ஒப்புக்கொள்ளும் தொகை இது. மீதிக்கு, எந்த நாள் யார் எத்தனை மணி நேரம் என்று பிரித்து எழுதிக் கொடுங்கள். பேசி முடித்துக்கொள்வோம்.” முன்பு ஒரு தச்சரிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு அப்புறம் கேள்வி கேட்டு, பதிலே வராமல் போன அனுபவம் எனக்கு உண்டு. அதற்காக மொத்தத்தையும் பிடித்து வைப்பதும் சரியில்லை. செய்த வேலைக்குக் காசு வராத மனிதர் நம் பேச்சைக் காதில் வாங்கமாட்டார்.

மறுநாள் அவரே கூப்பிட்டார். “சார், ரெண்டாம் நாள் பழக்கதோஷத்துல ரெண்டு ஆள் போட்டுட்டேன்” என்று ஒன்றரை மணியை உடனே கழித்தார். அந்த தைரியத்தில் அடுத்ததைக் கேட்டேன்: முதல் நாள் நடுவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீங்கள் ஆளையே காணோமே? “எல்போ வாங்கப் போனேன் சார், கடை பில்லைப் பாருங்க.” அவர் பில்லோடு பின் அடித்திருந்த கடைச்சீட்டை அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். நேரம் 12.18. அவர் இல்லாத நேரத்துக்குச் சரியாகப் பொருந்தியது. அசடு வழிந்தபடி அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கினேன்.

மிச்சம் ஹெல்பர் கூலி. “டைல்ஸ் உடைக்கிறது ஒண்டி ஆள் வேலையா சார்?” என்றார். நியாயம்தான். “ஆள் தேவைதான் அண்ணே, ஆனா உங்க கைக்கும் அந்தப் பையன் கைக்கும் ஒரே ரேட்டா?” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஹெல்பருக்குப் பாதி என்று ஒத்துக்கொண்டார். அவருடைய 4, பையனின் ஐந்தரையில் பாதி, ஆக ஆறே முக்கால். “ஏழுன்னு வச்சுக்கோங்க சார்” என்றார். கால் மணிக்காக மறுபடி பேரம் பேசத் தெம்பில்லை, சரி என்றேன்.

மீதியை அனுப்பியதும் திருத்திய பில் வந்தது. அதிலும் ஒரே வரிதான்: ‘லேபர் 7 மணி’.